தூண்டில் ராடுக்கு உறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முட்டுக்காடு, பழவேற்காடு, ராமேஸ்வரம் என்று தூண்டில் போடப் போகிறவர்கள் நாலு பேர் கூடினால் ரீலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவோம், லூரைப் பற்றி விடிய விடியப் பேசுவோம். உறைப் பேச்சு வருவது ராடு போன பிறகுதான். நான் பல வருடமாக ராடு வைத்திருக்கிறேன். வீட்டுத் தையல் மிஷினில் எனக்கும் கூட வருகிறவர்களுக்கும் துணி உறை தைத்துத் தருவதும் உண்டு. அப்படித் தைக்கும்போது திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்டவைதான் இவை. ராடு, கைடு, ரீல் என்று நாம் வாயில் சொல்கிற பெயர்களிலேயே எழுதுகிறேன். கைடு என்றால் ராடு மேல் வரிசையாக இருக்கும், நூல் ஓடுகிற வளையங்கள். ரீல் என்றால் கைப்பிடிப் பக்கம் மாட்டும், நூலைச் சுற்றி வைக்கிற கருவி. லூர் என்றால் மீனை ஏமாற்றப் போடும் செயற்கை இரை.

உறை கட்டாயம் வேண்டுமா? நான் சுவரில் சாய்த்துத்தானே வைத்திருக்கிறேன்?

ஒரே ஒரு ராடு, அதுவும் வீட்டில் ஒரு மூலையில் யாரும் தொடாமல் நிற்கிறது என்றால் உறை இல்லாமலே ஓட்டலாம். ஆனால் சாய்த்து வைக்காதீர்கள். கண்ணாடியிழை ராடும் மூங்கில் ராடும் மாசக்கணக்கில் சாய்ந்து நின்றால் அப்படியே வளைந்துவிடும், பிறகு நிமிராது. கார்பன் ராடு அவ்வளவு வளையாது என்றாலும், வழுக்கி விழுவதற்கு அதற்கும் ஒரு துடைப்பம் பட்டால் போதும்.

உறை தேவைப்படுவது ராடு இடம் மாறும்போது. இரண்டு ராடு ஒன்றோடு ஒன்று உரசும், ஒன்றின் கைடு இன்னொன்றின் நூலில் மாட்டும், ஆட்டோக் கம்பியில் தேயும், படகின் விளிம்பில் இடிக்கும். இதிலெல்லாம் ராடு அன்றைக்கே உடைந்துவிடாது. அதுதான் வம்பே.

ஒரு சின்னக் கீறல்தானே, அதனால் என்ன ஆகிவிடும்?

கார்பன் ராடின் தண்டு உள்ளே வெற்றிடமாக இருக்கும் குழாய். தலைமுடியைவிட மெல்லிய கார்பன் இழைகளை நீளவாக்கில் அடுக்கி, பிசினில் ஒட்டி, சூட்டில் இறுக்கிச் செய்வது. நுனிப் பக்கம் அந்தக் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ராடு வளையும்போது முழுப் பாரத்தையும் தாங்குவது அந்த இழைகள். ஓர் இடத்தில் அடிபட்டு நாலு இழை அறுந்தால், வெளியே நகத்தால் தடவினால் மட்டும் தெரிகிற ஒரு புள்ளிதான் இருக்கும். அடுத்த மாதம் நல்ல ஒரு கொடுவா இழுக்கும்போது ராடு மிகச் சரியாக அந்த இடத்தில் ‘டப்’பென்று போகும். உடனே நாம் கம்பெனியைத் திட்டுவோம்.

பழைய கண்ணாடியிழை ராடுகள் இந்த மாதிரி அடிகளை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். கார்பன் ராடுகள் கடைக்கு வந்தது 1970-களில். எடை குறைந்தது, விசை கூடியது, கூடவே அடி தாங்காத குணமும் வந்தது. விலை கூடக்கூட ராடு இன்னும் மெலிசாகிறது என்பதால், உங்களிடம் இருப்பதிலேயே விலை உயர்ந்த ராடுக்குத்தான் உறை அதிகம் தேவை.

அப்படியானால் உறை போட்டுவிட்டால் ராடு உடையாது?

உடையும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பலர் இந்த நம்பிக்கையில்தான் பணம் போடுகிறார்கள். துணி உறை கீறலைத் தடுக்கும், சிக்கலைத் தடுக்கும், தூசியைத் தடுக்கும். மிதித்தால், கார் கதவில் நசுங்கினால், மேலே மூட்டை விழுந்தால் துணி எதையும் தடுக்காது. அதற்குக் கெட்டியான குழாய் வேண்டும்.

எனக்குத் தெரிந்தவரை மீன் இழுத்து உடைந்த ராடுகளைவிடக் கார் கதவிலும் வீட்டு மின்விசிறியிலும் போன ராடுகள்தான் அதிகம். புது ராடைக் கூடத்தில் மாட்டிப் பார்த்து, “ஆக்‌ஷன் எப்படி இருக்கு பாரு” என்று ஓர் ஆட்டு ஆட்டுகிற ஆசை எல்லோருக்கும் வரும். மேலே விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். என் சித்தப்பா மகன் வாங்கி இருபது நிமிடம் ஆன ராடு அப்படித்தான் ஆறு அங்குலம் குறைந்தது. உறை பக்கத்து நாற்காலியில் மடிப்புக் கலையாமல் இருந்தது.

கடையில் என்னென்ன வகை கிடைக்கிறது? எதை வாங்கலாம்?

மூன்று நாலு வகைதான்.

ராடு சாக்ஸ் என்பது பாலியஸ்டர் இழையில் வலை மாதிரி பின்னிய நீளக் குழல். இழுத்தால் இறுகும், சுருக்கினால் அகலமாகும். காற்றோட்டம் உண்டு, கழுவினால் சீக்கிரம் காயும், ரீலைக் கழற்றாமல் தண்டுக்கு மட்டும் போடலாம். ஐந்தாறு ராடு ஒன்றாகக் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. ரீல் அடியில் தொங்குகிற ஸ்பின்னிங் ராடின் முதல் கைடு பெரிதாக நீட்டிக்கொண்டிருக்கும், ரீல் மேலே உட்காருகிற பெய்ட்காஸ்டிங் ராடின் கைடுகள் சின்னவை. அதனால் சாக்ஸும் இரண்டு அகலத்தில் வரும். பார்க்காமல் வாங்கினால் ஸ்பின்னிங் ராடில் ஏறாமல் பாதியில் நிற்கும். நீளத்தையும் கொஞ்சம் கூட்டியே வாங்குங்கள், விரியும்போது நீளம் குறைந்துவிடும்.

நியோபிரீன் உறை முழங்காலுக்குப் போடுகிற பட்டை மாதிரி தடித்த ரப்பர்த் துணி. நுனிக்கு ஒரு சின்னத் தொப்பி, கைப்பிடிப் பக்கம் ஒரு வெல்க்ரோ பட்டை என்று வரும். இடிபாட்டை ஓரளவு வாங்கிக்கொள்ளும். நுனி வளையத்தைக் காப்பதில் இதுதான் கெட்டிக்காரன். ஆனால் தண்ணீரைக் குடித்தால் விடாது. இதைப் பற்றிக் கீழே புலம்பியிருக்கிறேன்.

பருத்தித் துணி உறை என்பது நாடா வைத்த நீளப் பை. மூங்கில் ராடு காலத்திலிருந்து இருப்பது இதுதான். இரண்டு மூன்று துண்டாகப் பிரியும் ராடுகளுக்கு என் ஓட்டு இதற்கே.

அப்புறம் தோளில் மாட்டுகிற ஜிப் வைத்த பை. உள்ளே பஞ்சு மெத்தை, வெளியே பாக்கெட்டுகள். நாலைந்து ராடு ரீலோடு போகும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் உள்ளே தடுப்பு இல்லையென்றால், வெளியே மெத்தை இருந்தும் உள்ளே ராடுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டே வரும். இந்தப் பைக்குள்ளும் ஒவ்வொரு ராடுக்கும் தனியாக ஒரு மெல்லிய துணியோ சாக்ஸோ வேண்டும்.

மீன் பிடித்து வந்ததும் உறையில் போட்டு வைக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ஈர ராடுக்கு உறை போடுவதைவிட உறையே இல்லாமல் விடுவது எவ்வளவோ மேல்.

கடல் தண்ணீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே இருக்கிறது. சாதாரண உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே கசிந்து தண்ணீராகும். கடலுப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு அதற்கும் மிக முன்னாலேயே கசியத் தொடங்கும். ஐப்பசி கார்த்திகையில் உப்பு ஜாடிக்குள் என்ன நடக்கிறதோ அதேதான் கைடின் காலடியிலும் நடக்கிறது. வெளியே காற்றாவது படும். உறைக்குள் அதுவும் கிடையாது.

எனக்கு நடந்தது இது. முட்டுக்காட்டில் ஒரு மாலை, மழை வருகிற அவசரத்தில் ராடை நியோபிரீன் உறைக்குள் செருகி வீட்டுக்கு வந்தேன். மறுநாள் பார்க்கலாம் என்று பரணில் வைத்தேன். அப்புறம் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது, வெளியே போகவே முடியவில்லை. தை பிறந்து எடுத்தபோது உறை லேசாக ஈரமாகவே இருந்தது. இரண்டாவது கைடின் காலை ராடோடு கட்டச் சுற்றியிருந்த நூலுக்குள்ளிருந்து பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது, வெற்றிலைச் சாறு வழிந்த மாதிரி. ரீல் உட்காரும் இடத்தின் உலோக வளையம் பச்சைப் பூத்திருந்தது. கார்க் கைப்பிடியில் கறுப்புப் புள்ளிகள். அந்த நூல் மேல் பூசிய எப்பாக்ஸிப் பசை இரண்டு இடத்தில் வெள்ளையாகக் கொப்பளித்திருந்தது. கைடை மாற்றிக் கட்ட ஆன செலவில் இன்னொரு ஆரம்ப நிலை ராடே வாங்கியிருக்கலாம்.

சரி, அப்போ எப்படித்தான் காயவைப்பது?

நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவ வேண்டும். குழாயைப் பீச்சியடித்தால் உப்பு இன்னும் உள்ளே போகும், மக்கில் எடுத்து ஊற்றினாலே போதும். பழைய பனியன் துணியால் நுனியிலிருந்து கைப்பிடி வரை துடைத்து, ஒவ்வொரு கைடின் இரண்டு காலுக்கும் நடுவில் காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒரு சுற்று விடுங்கள். முதல் தடவை அந்தப் பஞ்சு என்ன நிறத்தில் வருகிறது என்று பாருங்கள். ரீல் பிடிக்கும் மரையைத் திருகி உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். துண்டுகளைப் பிரித்து நிழலில் ஒரு ராத்திரி முழுக்க வையுங்கள். வெயிலில் வேண்டாம்.

வழியில் பேருந்திலோ ரயிலிலோ வரும்போது ஈர ராடை உறை இல்லாமல் கொண்டுவர முடியாது, அது தெரியும். உறையில் போட்டே வாருங்கள். ஆனால் வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்த உறையையும் அலசிக் கொடியில் போடுங்கள். ராடைக் கழுவிவிட்டு உப்பேறிய அதே உறையில் திரும்பப் போடுகிறவர்கள்தான் பெரும்பாலும். குளித்துவிட்டு அழுக்குச் சட்டையை மாட்டுவது மாதிரிதான் அது.

ஏரியில் விரால் பிடிக்கிறவர்களுக்கு உப்புத் தொல்லை இல்லை. ஆனாலும் கார்க்கில் பூஞ்சை வர ஏரித் தண்ணீரே போதும்.

வீட்டிலேயே உறை தைக்கலாமா? அளவு சொல்லுங்களேன்.

தைக்கலாம், கை நடுங்குகிற வேலை எதுவும் இதில் இல்லை. நேர்த் தையல் போடத் தெரிந்தால் போதும். பக்கத்துத் தையற்கடையில் கொடுத்தாலும் பத்து நிமிட வேலைதான், விளக்கிச் சொல்வதற்குத்தான் அரை மணி நேரம் ஆகும்.

துணி காடா துணியாக இருக்கட்டும். பழைய வேட்டி மெலிசு, நுனி குத்திக்கொண்டு வெளியே வரும். ஜீன்ஸ் துணி காய ஒரு நாள் ஆகும். பழைய பிளானல் போர்வை கிடைத்தால் அதுதான் ராஜா. புதுக் காடா துணியில் கஞ்சி இருக்கும், கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் அது விருந்து. வெட்டும் முன் ஒரு தடவை சூடான தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்துக் காயவையுங்கள். கஞ்சியும் போகும், சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கிவிடும்.

நம் ஊரில் அதிகம் புழங்குகிற 7 அடி, இரண்டு துண்டு ஸ்பின்னிங் ராடை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு துண்டும் சுமார் 110 செ.மீ. இருக்கும். இதற்கு 145 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலத்தில் ஒரே துண்டாகத் துணி வேண்டும். அகலவாக்கில் இரண்டாக மடித்தால் 25 செ.மீ. ஆகும். மேல் முனையில் முன்பக்கத் துணியை மட்டும் 20 செ.மீ. குறைத்து வெட்டுங்கள். பின்பக்கம் நீண்டு நிற்கும் அந்த 20 செ.மீ. தான் பிறகு மூடியாக மடியப்போகிறது. மூடியின் ஓரங்களை மடித்து அடித்துவிடுங்கள். பக்கத்தையும் அடியையும் தையுங்கள். பிறகு மேலிருந்து கீழ்வரை நடுவில் ஒரு தையல். அது நட்டநடுவில் வேண்டாம். கைப்பிடித் துண்டில் பெரிய கைடு இருப்பதால் அந்தப் பக்கம் 13 செ.மீ., நுனித் துண்டுக்கு 10 செ.மீ. என்று பிரியுங்கள். இந்த நடுத் தையல்தான் உறையின் உயிர். இது இல்லாவிட்டால் இரண்டு துண்டும் ஒரே பைக்குள் உரசிக்கொண்டு கிடக்கும், உறை போட்டதன் அர்த்தமே போய்விடும்.

தையலின் பிசிறு பையின் உள்பக்கம் வரவே கூடாது. உள்ளே ஒரு நூல் தொங்கினால் போதும், நுனி வளையம் அதைத் தேடிப்போய் மாட்டிக்கொள்ளும். நாம் வெளியே இழுப்போம், அது வராது, கொஞ்சம் பலமாக இழுப்போம், பீங்கான் வளையம் கழன்று பைக்குள் விழும். சட்டை தைக்கிற மாதிரி மறித்துப் போடும் பழக்கத்தை இங்கே விட்டுவிட்டுப் பிசிறை வெளியே விடுங்கள். அசிங்கமாகத் தெரிந்தால் மடித்து ஒரு தையல் அடித்துக்கொள்ளலாம்.

அடியில் கைப்பிடியின் பாரம் விழும், அங்கே இரட்டைத் துணி வைத்துத் தையுங்கள். வெளிப்பக்கத் தையலோடு சேர்த்து இரண்டு இடத்தில் நாடா. மூடியின் உச்சியில் தொங்கவிட ஒரு காது.

பழைய பிளெக்ஸ் பேனர் சும்மா கிடைக்கிறது. அதில் தைக்கலாமே?

தலைவர் முகம் போட்ட ராடு உறையோடு ஒருவரை மெரினாவில் பார்த்திருக்கிறேன். மழைக்கு மேல் உறையாக, வழியில் மட்டும் போட்டுக்கொள்ளப் பிளெக்ஸ் நல்லதுதான், தண்ணீர் இறங்காது. ஆனால் வெளியே இருந்து இறங்காத தண்ணீர் உள்ளே இருந்தும் ஏறாது. வீட்டில் வைப்பதற்கு வேண்டாம்.

உறைக்குள் எந்தப் பக்கத்தை முதலில் விடுவது?

நாடா வைத்த துணி உறையில் கைப்பிடி கீழே, நுனித் துண்டின் தடித்த முனையும் கீழே. மெல்லிய நுனி மேலே, மூடியின் மடிப்புக்குள் இருக்கட்டும். கீழே விட்டால் பையைத் தரையில் ஊன்றும்போதெல்லாம் நுனி வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

சாக்ஸ் என்றால் நுனியிலிருந்து மாட்டிக் கைப்பிடிப் பக்கம் இறக்க வேண்டும். கழற்றும்போதுதான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். மூடிய முனையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் அது இன்னும் இறுகி எல்லாக் கைடையும் கவ்விக்கொள்ளும். கைப்பிடிப் பக்கத்துத் திறந்த வாயிலிருந்து மேல்நோக்கிச் சுருக்கிக்கொண்டே போங்கள், தானாக விரிந்து வந்துவிடும். சாக்ஸின் வெட்டிய முனை பிரிய ஆரம்பித்தால் மெழுகுவர்த்திச் சுடரில் லேசாகக் காட்டி உருக்கி ஒட்டுங்கள்.

லூரைக் கழற்றாமல் உறை போட்டால்?

மூன்று முள் தூண்டில் ஒன்று சாக்ஸ் பின்னலுக்குள் போனால் வெளியே எடுக்க ஒரு மாலை ஆகும். கத்தரிக்கோல்தான் கடைசியில் ஜெயிக்கும். நூல் முனையில் லூரை மாட்டுகிற கொக்கியான ஸ்னாப்பைத் திறந்து கழற்ற ஐந்து வினாடி.

கூடவே இன்னொன்று. ரப்பர்ப் புழு, ரப்பர் மீன் வகை லூர்களை உறைப் பாக்கெட்டில் சும்மா போட்டு வைக்காதீர்கள். அவற்றை மெதுவாக்கச் சேர்க்கிற எண்ணெய் கசிந்து, படுகிற பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒட்டிக்கொள்ளும். வந்த கவரிலேயே இருக்கட்டும்.

பைக்கில் எப்படிக் கொண்டுபோவது?

இரண்டு துண்டு ராடு என்றால் முதுகில் குறுக்காக மாட்டிக்கொள்ளலாம். தலைக்கு மேல் ஓர் அடி நீட்டும், அந்த ஓர் அடியை மறந்துவிடுகிறோம். வேப்பங்கிளை, கடை முன் கட்டிய சாமியானாக் கயிறு, பெட்ரோல் பங்க்கில் குனிந்து எழும்போது பின்னால் நிற்பவர் முகம் என்று எல்லாவற்றிலும் படும். வண்டியோடு பக்கவாட்டில் கட்டுவதானால் சைலன்சர் பக்கம் வேண்டாம், நியோபிரீன் சூட்டில் சுருண்டுவிடும். பாலியஸ்டர் சாக்ஸ் உருகி ராடிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஒரே துண்டாக 7 அடி வரும் ராடைப் பைக்கில் கொண்டுபோவது எப்படி என்று கேட்டால், கொண்டுபோகாதீர்கள் என்பதுதான் பதில்.

கார் டிக்கியில் நிரந்தரமாக வைத்துவிடலாமா?

சித்திரை வெயிலில் பூட்டி நிற்கிற காருக்குள் கை வைத்துப் பாருங்கள். ராடின் நுனி வளையத்தைப் பெரும்பாலும் சூட்டில் இளகுகிற பசையால்தான் ஒட்டியிருப்பார்கள், பின்னால் மாற்ற வசதியாக. அதே பசை காரின் சூட்டிலும் இளகி, வளையம் கோணலாகத் திரும்பி நிற்கும். கறுப்பு உறை என்றால் இன்னும் மோசம்.

ரயிலில் ராமேஸ்வரம் போகிறோம். உறை போதுமா, குழாய் வேண்டுமா?

ராத்திரி வண்டி, படுக்கை வசதி என்றால் துணி உறையில் கட்டி, கீழ்ப் படுக்கைக்கு அடியில் சுவரோரமாக வைக்கலாம் என்று தோன்றும். பதினோரு மணிக்கு ஒருவர் தன் பெட்டியைக் காலால் தள்ளுவார், அவ்வளவுதான். நான் குழாய்தான் எடுத்துப்போகிறேன். ஹார்டுவேர் கடையில் கழிவுநீர் வேலைக்கு விற்கும் 75 மி.மீ. பிவிசி குழாயில் ஒரு 7 அடி ராடின் இரண்டு துண்டும் துணி உறையோடு போகும். நாலைந்து ராடு, அல்லது பெரிய கைடு வைத்த கரையோர ராடு என்றால் 110 மி.மீ. வேண்டும். ஒரு பக்கம் மூடியை ஒட்டிவிடுங்கள், மறுபக்கம் திருகுமூடி. இரண்டு மூடியிலும் சின்ன ஓட்டை போட்டால் ஈரம் தங்காது. துணி உறையை உருவிவிட்டு வெறும் ராடைக் குழாய்க்குள் போட்டால் வழியெல்லாம் கடகடவென்று ஆடி, துணி தடுத்த அத்தனை கீறலும் குழாய்க்குள்ளேயே விழும். குழாய் நசுங்காமல் காக்கும், துணி உரசாமல் காக்கும். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும்.

ரயில் நிலையத்தில் ஒரு பெரிய எச்சரிக்கை. தண்டவாளத்துக்கு மேலே ஓடுகிற கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. கார்பன் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மாட்டிய ராடை நடைமேடையில் தூக்கிப் பிடிக்கக் கூடாது. உறை போட்டிருக்கிறதே என்று நினைக்காதீர்கள், துணியும் நியோபிரீனும் இந்த வோல்ட்டுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆற்றங்கரையில், வயலோரத்தில் போகும் மின்கம்பிகளுக்கும் இதேதான். இடி மின்னல் தொடங்கினால் ராடைக் கீழே போட்டுவிட்டு விலகிவிடுங்கள்.

விமானத்தில்?

அந்தமானுக்குப் பெரும்பாரை பிடிக்கப் போகிறவர்கள் இதைக் கேட்பார்கள். உள்நாட்டு விமானங்களில் சரக்காகப் போடும் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ. என்பது வழக்கமான வரம்பு. 7 அடி இரண்டு துண்டு ராடு 110 மி.மீ. குழாயில் 140 செ.மீ. சுமாருக்குள் அடங்கிவிடும். சிக்கல், தண்ணீர் மேல்மட்டத்தில் லூரை இழுத்துப் பெரிய மீன் பிடிக்கிற பாப்பிங் ராடில்தான். அதில் கைப்பிடி மட்டும் தனியாகக் கழலும், மேல் துண்டு பெரும்பாலும் ஐந்தரை ஆறு அடி இருக்கும். அந்த ஒரு துண்டே வரம்பைத் தாண்டிவிடும். டிக்கெட் போடும் முன் விமானக் கம்பெனியிடம் கேட்டு, கூடுதல் கட்டணம் உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கையோடு கேபினுக்குள் எடுத்துப்போகலாம் என்று நம்பிப் போகாதீர்கள், சோதனை வாசலில் நிற்பவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

தாத்தா காலத்து வெள்ளைக்கார மூங்கில் ராடு ஒன்று கிடைத்தது. அதன் துணிப்பை கிழிந்திருக்கிறது. தூக்கிப் போடலாமா?

பையையா? வேண்டவே வேண்டாம். நீலகிரி டிரவுட் ஓடைகளுக்கென்று வந்த ராடாக இருக்கலாம். மூங்கிலை ஆறு பட்டையாகச் சீவி ஒட்டிச் செய்த அந்த ராடுகள் நாடா வைத்த துணிப்பையோடுதான் வரும். இங்கிலாந்தின் ஆல்ன்விக் ஊரில் 1872-இல் தொடங்கிய ஹார்டி கம்பெனியின் ராடுகள் அதற்குப் பேர் போனவை. பழைய ராடு சேர்க்கிறவர்கள் பையையும் சேர்த்துத்தான் மதிப்புப் போடுவார்கள். கிழிசலை மெல்லிய நூலால் தைத்து வைத்துக்கொண்டு, புழங்குவதற்கு அதே அளவில் புதிதாக ஒன்று தையுங்கள்.

இந்த ராடுகளின் பை நாடாவை இறுக்கிக் கட்டவே கூடாது. கட்டு விழுந்த இடத்தில் மெல்லிய நுனித் துண்டு ஒரு பக்கமாக இழுபட்டு, சில மாதத்தில் அதுவே நிரந்தர வளைவாகிவிடும். ஒரு சுற்று, ஒரு தளர்ந்த முடிச்சு போதும். பிறகு பையின் காதை அலமாரி ஆணியில் மாட்டி நேராகத் தொங்கவிடுங்கள். பாரம் பையின் மேல்தான் விழும், ராடின் மேல் விழாது.

நம் ஊர் மூங்கில் கழித் தூண்டிலுக்கும் உறை வேண்டுமா?

அதற்கு எதற்கு? அதன் எதிரி கீறல் இல்லை, வண்டு. மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்காகத் துளைத்துப் பொடிப்பொடியாக உதிர்க்கும். வெட்டிய கழியைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பதும், அடுப்புப் புகை படும் இடத்தில் செருகி வைப்பதும் அதற்காகத்தான். தாழ்வாரத்தில் மூன்று ஆணி அடித்துப் படுக்கையாக வையுங்கள், இரண்டு ஆணி என்றால் நடுவில் தொய்யும்.

எலி, பூச்சி வராமல் உறைக்குள் பாச்சை உருண்டை போடலாமா?

நான் போடுவதில்லை. அந்த ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், வாசனையும் கையில் ஒட்டித் தூண்டில் இரைக்குப் போகும். வசம்புத் துண்டு ஒன்றைத் துணியில் முடிந்து போட்டாலே போதும். எலி வருவது பூச்சிக்காக இல்லை, மீன் நாற்றத்துக்காக. கைப்பிடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாலே பாதி எலி போய்விடும். மழைக்காலத்துக்கு ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைச் சேர்த்துப் போடலாம், ஆனால் அதுவும் ஈரம் குடித்து நிறைந்துவிடும், மாற்ற வேண்டும்.

இரண்டு துண்டும் மாட்டியபடியே உறையில் வைத்திருந்தேன். இப்போது பிரிய மாட்டேன் என்கிறது.

உப்பும் தூசியும் மூட்டில் இறுகியிருக்கும். இருவர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு துண்டிலும் ஒவ்வொரு கை வைத்து, முறுக்காமல் நேராக இழுங்கள். கைடைப் பிடித்து இழுக்கக் கூடாது. வரவில்லையா, வெளியே கவ்வியிருக்கும் பெண் பக்கத்து முனை மேல் லேசாக வெந்நீர் ஊற்றி, உள்ளே போயிருக்கும் ஆண் துண்டை ஐஸால் குளிரவைத்து மறுபடி முயலுங்கள். பிரிந்ததும் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு, ஆண் துண்டில் மெழுகுவர்த்தியை இரண்டு தேய்ப்புத் தேயுங்கள். உறையை உள்பக்கம் வெளியே தெரியும்படி மறித்து, மொட்டைமாடிச் சுவரில் நாலு தட்டுத் தட்டிப் பாருங்கள். தனுஷ்கோடி மணல் ஒரு கைப்பிடி விழும்.